ஆறாம் சுற்றுக்குப் பிறகு

2022 ஆகஸ்ட் 4, வியாழக்கிழமை. மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் அன்று ஒரு காய்கூட நகரவில்லை. 44ஆவது செஸ் ஒலிம்பியாட்டுக்கு அது ஓய்வு நாள். மொத்தம் 11 சுற்றுகளில் ஆறு முடிந்திருந்தன, ஐந்து மீதமிருந்தன. ஓய்வு ஆடுபவர்களுக்குத்தான். செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரை, செஸ் பேசுகிறவர்கள் கூடிய இடத்திலெல்லாம் அன்று ஒரே வேலைதான் நடந்தது. புள்ளிப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு எந்த அணி தேறும், எந்த அணி தேறாது என்று கணித்துக்கொண்டிருந்தோம்.

அன்றைய பட்டியல் இதுதான். பொதுப் பிரிவில் 188 அணிகள். நான்கு பலகைகளில் நடக்கும் மோதலை வென்றால் அணிக்கு 2 புள்ளி, சமன் செய்தால் 1. ஆறு சுற்றுகளில் எடுக்கக்கூடிய 12 புள்ளிகளையும் எடுத்திருந்தது அர்மேனியா மட்டுமே. அமெரிக்கா 11. இந்தியாவின் ஏ அணி 10, பி அணி 10, உஸ்பெகிஸ்தான் 10. பெண்கள் பிரிவில் இந்திய ஏ அணி 12க்கு 12 எடுத்து உச்சியில் இருந்தது.

ஆகஸ்ட் 9 அன்று எல்லாம் முடிந்தபோது பொதுப் பிரிவில் தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது. வெள்ளி அர்மேனியாவுக்கு, வெண்கலம் இந்திய பி அணிக்கு. முதல்நிலை அணியாக இறங்கிய அமெரிக்கா ஐந்தாவதாக வந்தது. பெண்கள் பிரிவில் உக்ரைன், ஜார்ஜியா, அதன் பிறகே இந்தியா. இந்த இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. பாதி வழியில் ஓர் அணியை மதிப்பிடுவது என்றால் என்ன? அப்போது எதைப் பார்க்க வேண்டும்?

இந்திய பி அணியை எடுத்துக்கொள்வோம். குகேஷ், நிஹால் சரின், பிரக்ஞானந்தா, அதிபன், ரௌனக் சத்வானி ஆகிய ஐவர். அதிபன் தவிர மற்ற நால்வரும் இருபது வயதைத் தொடாதவர்கள். போட்டியை நடத்தும் நாடு என்பதால் நமக்குக் கிடைத்த கூடுதல் அணி இது. தரப்புள்ளிகளின் சராசரிப்படி பதினோராவது இடத்தில் வைக்கப்பட்டிருந்தது. முதல் ஆறு சுற்றுகளில் அது எடுத்த ஆட்டப் புள்ளிகள் வரிசையாக இப்படி இருந்தன: ஐக்கிய அரபு அமீரகத்துடன் 4, எஸ்டோனியாவுடன் 4, சுவிட்சர்லாந்துடன் 4, இத்தாலியுடன் 3, ஸ்பெயினுடன் 2½, அர்மேனியாவுடன் 1½. கடைசி மோதலில் தோல்வி.

இந்த எண்களை மட்டும் பார்ப்பவருக்கு அணி சறுக்கிக்கொண்டிருப்பதாகத்தான் தோன்றும். மூன்று சுற்று முழு வெற்றி, பிறகு ஒவ்வொரு படியாக இறக்கம். பையன்கள் களைத்துவிட்டார்கள், அனுபவம் போதவில்லை என்று ஓய்வு நாளில் யாராவது சொல்லியிருந்தால் அதற்கு ஆதாரமாக இந்த வரிசையையே காட்டியிருக்கலாம்.

ஆனால் ஒலிம்பியாட் நடப்பது சுவிஸ் முறையில். வென்ற அணி அடுத்த சுற்றில் தன்னைப் போலவே வென்ற இன்னொரு அணியைச் சந்திக்கும். ஒவ்வொரு வெற்றியும் எதிராளியின் தரத்தை ஒரு படி உயர்த்தும். எனவே நன்றாக ஆடும் அணியின் எண்கள் நடுவில் இறங்குவது இயல்பு. ஏறிக்கொண்டே போகும் எண்கள் எளிய எதிராளிகளைக் குறிப்பதும் உண்டு. பி அணி அடுத்து கியூபாவை 3½க்கு ½ என்றும், எட்டாம் சுற்றில் அமெரிக்காவை 3க்கு 1 என்றும் வென்றது. களைத்த அணி கருவானா, அரோனியன், வெஸ்லி சோ, டொமிங்கஸ் உட்கார்ந்த நான்கு பலகைகளில் மூன்று புள்ளி எடுக்காது.

பாதியில் கிடைக்கும் 10 புள்ளி எல்லாருக்கும் ஒரே 10 புள்ளி அல்ல. உஸ்பெகிஸ்தானின் 10 புள்ளியைப் பிரித்துப் பார்த்தால் அது விளங்கும். நான்கு வெற்றி, இரண்டு சமன். அந்தச் சமன்கள் நான்காம் சுற்றில் அமெரிக்காவுடனும் ஆறாம் சுற்றில் இந்திய ஏ அணியுடனும் வந்தவை. தரவரிசையில் முதலிரண்டு இடத்தில் இருந்த அணிகள் அவைதான். அந்த இருவரிடமும் தோற்காமல் தாண்டி வந்த ஓர் அணி பட்டியலில் இரண்டு புள்ளி பின்தங்கி நின்றது. அதன் முதல் பலகையில் இருந்த நோதிர்பெக் அப்துசத்தாரோவுக்கு வயது 17. அதற்கு முந்தைய டிசம்பரில்தான் வார்சாவில் உலக ரேபிட் பட்டத்தை வென்றிருந்தார். கொரோனா காலத்தில் நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடும் போட்டிகள் நின்றுபோயிருந்தன. வளரும் வயதில் இருந்தவர்களின் பலம் கூடிக்கொண்டே போக, அவர்களுடைய தரப்புள்ளி அதே இடத்தில் தேங்கி நின்றது. பதினான்காவது இடத்தில் வைக்கப்பட்ட உஸ்பெகிஸ்தானும் பதினோராவது இடத்தில் வைக்கப்பட்ட நம் பி அணியும் அந்தத் தேக்கத்துக்குச் சாட்சிகள். கடைசி வரை தோற்காமலேயே உஸ்பெகிஸ்தான் 19 புள்ளிக்கு வந்தது. அர்மேனியாவுக்கும் அதே 19. சம புள்ளியில் முடிந்தால் ஒலிம்பியாட் விதி எதிராளிகள் எடுத்த புள்ளிகளைக் கணக்கில் கொண்டு யார் மேலே என்று தீர்மானிக்கிறது. யாரை வென்றாய் என்ற கேள்வியை ஓய்வு நாளில் நாம் கேட்க மறந்தாலும், கடைசி நாளில் விதியே அதைக் கேட்டுவிட்டது.

பெண்கள் பிரிவிலும் இதுவே நடந்தது. ஆறாம் சுற்றில் இந்திய ஏ அணி ஜார்ஜியாவை 3க்கு 1 என்று வென்றது. அந்த ஒரு மோதலை வைத்து இரு அணிகளுக்கும் மதிப்பெண் போட்டிருந்தால் ஜார்ஜியா கதை முடிந்தது என்றுதான் எழுதியிருப்போம். ஜார்ஜியா 18 புள்ளியில் வெள்ளி வாங்கியது. இந்தியா 17.

பாதி வழியில் எடைபோடும் இந்தப் பழக்கம் அமெரிக்காவில் பேஸ்பால் ரசிகர்களிடையேயும் உண்டு. 1980இல் இதழாளர் டேனியல் ஒக்ரென்டும் அவருடைய நண்பர்களும் நியூயார்க்கின் லா ரோட்டிசெரி பிரான்சேஸ் என்ற உணவகத்தில் கூடி ஒரு விளையாட்டை உருவாக்கினார்கள். உண்மையான ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுத்து ஆளுக்கொரு கற்பனை அணி அமைப்பது, அந்த ஆட்டக்காரர்கள் மைதானத்தில் எடுக்கும் எண்களைக் கூட்டி யார் அணி முந்துகிறது என்று பருவம் முழுவதும் பார்ப்பது. பருவத்தின் நடுவில், ஜூலை மாதத்தில், ஒவ்வொருவரும் தம் அணியை எடைபோட்டு யாரை விடுவது, யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்வார்கள். ஃபேண்டஸி விளையாட்டுகள் இன்று உலகெங்கும் பரவியிருப்பதில் அந்த உணவக மேசைக்குப் பெரும் பங்கு உண்டு. நம் நாட்டில் அது கிரிக்கெட்டோடு சேர்ந்து பணம் கட்டி ஆடும் தொழிலாகப் பெருகியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது. பணத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அந்த விளையாட்டில் மதிக்கத்தக்கது ஒன்று இருக்கிறது. அது ரசிகனைத் தினமும், ஒவ்வோர் ஆட்டக்காரரையும், கூர்ந்து பார்க்க வைக்கிறது.

அதில் விடுபட்டுப்போவதும் ஒன்று இருக்கிறது. கற்பனை அணியில் இருப்பவர்கள் ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்காருவதில்லை. அவர்களுடைய எண்கள் மட்டும் ஒரு தாளில் சந்திக்கின்றன. ஆகஸ்ட் 3 இரவு வரை குகேஷ் ஆறு ஆட்டம் ஆடி ஆறிலும் வென்றிருந்தார். ஐந்தாம் சுற்றில் அலெக்சி ஷிரோவை, ஆறாம் சுற்றில் அர்மேனியாவின் கேப்ரியல் சர்கிசியனை. கூட்டல் கணக்கில் அவரைவிடச் சிறந்த தேர்வு பூஞ்சேரியில் இல்லை. ஆனாலும் அவர் சர்கிசியனை வென்ற அதே இரவில் அவர் அணி தோற்றது. நிஹால் சமன் செய்தார், அதிபனும் ரௌனக்கும் தோற்றார்கள். நார்வேயின் முதல் பலகையில் உலக சாம்பியன் மேக்னஸ் கார்ல்சன் உட்கார்ந்திருந்தார், தனிப்பட்ட முறையில் பதக்கமும் வாங்கினார். மூன்றாம் நிலை அணியாக இறங்கிய நார்வே 59ஆவது இடத்தில் முடிந்தது. ஓர் ஆட்டக்காரரின் உயரம் பக்கத்துப் பலகைக்கு வழிந்து போவதில்லை.

அப்படியானால் பாதியில் சரியாக மதிப்பிட வேண்டிய கட்டாயம் யாருக்கு இருந்தது? அணியின் கேப்டனுக்கு. செஸ் அணியின் கேப்டன் பெரும்பாலும் ஆடாதவர். ஆட்டம் நடக்கும்போது பலகையில் உள்ள நிலையைப் பற்றி அவர் ஆட்டக்காரரிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவர் கையில் இருக்கும் பெரிய அதிகாரம் ஒன்றே. ஐந்து பேரில் இன்று யார் ஆட வேண்டாம் என்று முடிவு செய்து முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது. பலகை வரிசையையும் இஷ்டம்போல மாற்ற முடியாது. ஒருவர் விலகினால் கீழே இருப்பவர் ஒரு படி மேலே ஏறுவார், அவ்வளவுதான். ஒவ்வொரு நாளும் ஒருவரை உட்கார வைக்கும் அந்த முடிவுதான் கேப்டனின் மதிப்பீடு. அது தப்பினால் மாலையில் நான்கு பலகைகளிலும் தெரிந்துவிடும்.

பி அணியின் கேப்டன் ஆர்.பி. ரமேஷ். சென்னையில் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் செஸ் கற்றுத் தருபவர், பிரக்ஞானந்தாவையும் வைஷாலியையும் வளர்த்த ஆசிரியர். ஐந்தாம் சுற்றில் பிரக்ஞானந்தா தோற்றார். ஆறாம் சுற்றில் அவருக்கு ஓய்வு தரப்பட்டது. அந்த ஆறாம் சுற்றில் ரௌனக் தோற்றார். ஓய்வு நாளில் பெயருக்கு எதிரே குறி போடுகிறவர் யாராயினும் அந்த இருவர் பக்கத்திலும் ஒரு கேள்விக்குறி போட்டிருப்பார். எட்டாம் சுற்றில், முதல்நிலை அணியான அமெரிக்காவுக்கு எதிராக, இருவருமே ஆட உட்கார்ந்தார்கள். பிரக்ஞானந்தா வெஸ்லி சோவுடன் சமன் செய்தார். ரௌனக் டொமிங்கஸை வென்றார். முதல் பலகையில் குகேஷ் கறுப்புக் காய்களோடு கருவானாவை வென்றது உலகமெங்கும் பேசப்பட்டது. எனக்கு அந்த மாலையில் முக்கியமாகப் பட்டது கடைசிப் பலகை. மூன்று நாளுக்கு முன் தோற்ற பதினாறு வயதுப் பையனை உலகின் முன்னணி ஆட்டக்காரர் ஒருவருக்கு எதிரே உட்கார வைக்க, தோற்ற ஆட்டத்தைப் புள்ளிக்கு அப்பால் பார்த்திருக்க வேண்டும். அவன் எப்படித் தோற்றான், அந்தத் தோல்வி அவனுடைய ஆட்டத்தின் குறையா அல்லது அன்றைய மாலையின் குறையா என்று பிரித்தறிந்திருக்க வேண்டும். பட்டியலில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது.

மாமல்லபுரம் வருகிறவர்கள் கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஊரின் மேற்குப் பக்கத்தில், கூட்டம் எட்டிப்பார்க்காத இடத்தில், பிடாரி ரதங்களும் வலையன்குட்டை ரதமும் இருக்கின்றன. மூன்றும் முடிவடையாதவை. மேலே விமானத்தின் சிகரமும் அடுக்குகளும் உளிபட்டுத் தெளிவாக நிற்கின்றன. கீழே வரவர வேலை மங்கி, அடியில் பாறை பாறையாகவே இருக்கிறது. மேலிருந்து கீழாகச் செதுக்கினார்கள் என்பது பார்த்தவுடன் புரிந்துவிடும். முடியாமல் விட்ட குடைவரைகளில் இன்னொன்றும் தெரியும். பாறையின் முகத்தில் சதுரம் சதுரமாகக் கோடு வெட்டி, கோடுகளுக்கு நடுவே புடைத்து நிற்கும் கட்டங்களை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்து உள்ளே போயிருக்கிறார்கள். மெருகு ஏறிய தூணில் இந்தத் தடம் அழிந்துபோயிருக்கும். பல்லவச் சிற்பிகளின் வேலை முறையை ஆய்வாளர்கள் அறிந்துகொண்டது பெரிதும் இந்த முடியாத வேலைகளிலிருந்துதான்.

பாதி முடிந்த ஒன்றிடம் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே. எங்கே தொடங்கியிருக்கிறார்கள், எந்த வரிசையில் போகிறார்கள், அடுத்த வெட்டு எங்கே விழும். எத்தனை அடி முடிந்தது என்ற அளவு அதற்குப் பிறகுதான் வரும். ஆறு சுற்று முடிந்தபோது பி அணியிடம் ஒரு முறை தெரிந்தது. முதல் பலகையில் ஒருவர் தோற்க மறுத்தார், இரண்டாம் பலகையில் நிஹால் எளிதில் உடையாமல் நின்றார், கீழ்ப் பலகைகளில் ஆள் மாறி மாறி வெற்றிக்குப் போனார்கள். தோல்வி வந்த இடமும் கீழ்ப் பலகைகள்தான், மீட்பு வந்த இடமும் அவையே. போட்டி முடிவில் முதல் பலகைக்கான தங்கம் குகேஷுக்கும், இரண்டாம் பலகைக்கான தங்கம் நிஹாலுக்கும் கிடைத்தன.

இத்தனை கவனமாகப் பார்த்தாலும் மனிதர் ஆடும் ஆட்டம் தன் பங்குக்கு ஒன்றை வைத்திருக்கும். ஆகஸ்ட் 8, பத்தாம் சுற்று, இந்திய பி அணிக்கு எதிரே உஸ்பெகிஸ்தான். எட்டு ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று, ஒன்பதாவதில் மமெத்யாரோவுடன் சமன் செய்திருந்த குகேஷ், அப்துசத்தாரோவுக்கு எதிராக வெல்லும் நிலைக்கு வந்திருந்தார். பிரக்ஞானந்தா சிந்தாரோவை வென்றார், மற்ற இரண்டு பலகைகளும் சமன். குகேஷ் அரைப் புள்ளி எடுத்தாலே மோதல் இந்தியாவுக்கு. அவர் வெற்றியைத் தேடினார். நகர்த்தலுக்கு முப்பது வினாடி மட்டுமே கூடும் நிலையில், மணிக்கணக்கில் ஆடிய பிறகு, ஒரு தவறான நகர்த்தலில் எல்லாம் கைநழுவியது. ஆட்டம் முடிந்தும் எழாமல், முகத்தைக் கையில் புதைத்து அவர் பலகை முன்னால் உட்கார்ந்திருந்த படத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். மோதல் 2க்கு 2. மறுநாள் அதே அணி ஜெர்மனியை 3க்கு 1 என்று வென்று வெண்கலம் எடுத்தது. அந்த மறுநாள் வெற்றியைப் பற்றி நாம் மிகக் குறைவாகவே பேசியிருக்கிறோம்.

பாதி மதிப்பீட்டின் கெடுதல் இங்கேதான் இருக்கிறது. பெண்கள் அணி ஆறாம் சுற்றிலேயே முதலிடத்தில் நின்றதால் தங்கம் வந்துவிட்டதாகவே பேசத் தொடங்கினோம். ஹம்பி, ஹரிகா, வைஷாலி, தானியா சச்தேவ், பக்தி குல்கர்னி. ஹரிகா நிறைமாதக் கர்ப்பிணியாக வந்து ஆடினார். ஒன்பதாம் சுற்றில் போலந்திடம் தோல்வி, பத்தாவதில் மீட்சி. கடைசிச் சுற்றுக்குள் நுழையும்போதும் முன்னிலையில் இருந்தார்கள். அமெரிக்காவிடம் 1க்கு 3 என்று தோற்று வெண்கலத்தோடு திரும்பினார்கள். செஸ் ஒலிம்பியாட்டில் இந்தியப் பெண்கள் அணி வாங்கிய முதல் பதக்கம் அது. முதல் பதக்கம் வந்த இரவில் ஊரெங்கும் கேட்டது தங்கம் போய்விட்டதே என்ற பேச்சு. நாமாகப் பாதியில் கொடுத்துவிட்ட ஒன்றை அவர்கள் தொலைத்துவிட்டதாக வருந்தினோம். தங்கம் வென்ற உக்ரைன் பெண்கள் போர் நடக்கும் நாட்டிலிருந்து வந்தவர்கள். ரஷ்யாவில் நடக்க வேண்டிய போட்டி அந்தப் போரால்தான் மார்ச் மாதம் தமிழ்நாட்டுக்கு மாறி, நான்கே மாதத்தில் பூஞ்சேரியில் அரங்கேறியது. உக்ரைன் பெண்களின் அந்த ஐந்து மாதங்களை எந்தப் புள்ளிப் பட்டியல் அளந்திருக்கும்?

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். முளையில் தெரிவதைப் பார்க்கக் கண் வேண்டும் என்பதை அதோடு சேர்த்துச் சொல்வதில்லை. பிள்ளைகளையும், ஊழியர்களையும், அணிகளையும் அரைப் பருவத்தில் எடைபோடும் உரிமை எல்லாருக்கும் இருக்கிறது. அந்த எடையின்படி நாளைக் காலை ஒரு முடிவு எடுத்து, மாலையில் அதன் விளைவைத் தன் தலையில் ஏற்கத் துணிந்தவருடைய மதிப்பீட்டையே நான் மதிப்பீடு என்று ஏற்பேன். அவர்தான் யாருக்கு எதிராக வந்த புள்ளி என்று கேட்பார். தோற்றவரை மறுபடி உட்கார வைக்கலாமா என்று யோசிப்பார். மற்றதெல்லாம் பொழுதுபோக்கு. அதில் தப்பில்லை. ஆனால் அதைத் தீர்ப்பாக்கி ஆடுபவர்கள் தோளில் ஏற்றக் கூடாது.

இரண்டு ஆண்டு கழித்து, 2024 செப்டம்பரில், புடாபெஸ்ட் ஒலிம்பியாட்டில் இந்தியா இரு பிரிவுகளிலும் தங்கம் வென்றது. பொதுப் பிரிவு அணியில் குகேஷ், பிரக்ஞானந்தா, அர்ஜுன் எரிகைசி, விதித் குஜராத்தி, ஹரிகிருஷ்ணா. முதல் இருவர் பூஞ்சேரியின் பி அணி. மற்ற மூவர், பதக்கம் இல்லாமல் நான்காவதாக முடிந்த ஏ அணி. பெண்கள் அணியில் ஹரிகா, வைஷாலி, தானியா ஆகிய மூவர் பூஞ்சேரியில் ஏ அணியில் இருந்தவர்கள், திவ்யா தேஷ்முக்கும் வந்திகா அகர்வாலும் பி அணியில் இருந்தவர்கள். அங்கும் அவர்கள் போலந்திடம் தோற்றார்கள், எட்டாம் சுற்றில். அதற்குப் பிறகும் மூன்று சுற்றுகள் இருந்தன.